இறங்கிய பின் உள்ள தொலைவு

நுழையும்முன்

ஓரிடத்தில் ஏறி மற்றோரிடத்தில் இறங்குவதோடு பயணம் முடிந்துவிடுவதில்லை. இறங்கிய இடத்திற்கும் சேரவேண்டிய இடத்திற்கும் இடைப்பட்ட தொலைவும் பயணத்தின் பகுதியே. அத்தொலைவைக் கடப்பதற்காக வானூர்திக்குள்ளேயே மோட்டார் சைக்கிளை ஏற்றிச் சென்றவர்களின் முயற்சியையும், அம்முயற்சிக்குப் பின்னுள்ள எடைக்கணக்கையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

நெடுந்தொலைவைக் கடப்பது இன்று எளிதாகிவிட்டது. குறுந்தொலைவைக் கடப்பதுதான் இன்னும் அரிதாக இருக்கிறது. சென்னையில் வானூர்தி ஏறுபவர் ஒன்றரை மணி நேரத்திற்குள் மதுரையில் இறங்கிவிடுகிறார். அங்கிருந்து தம் சிற்றூருக்குச் செல்லும் கடைசிப் பேருந்து போய்விட்டதென்றால், எஞ்சியுள்ள இருபது கிலோமீட்டர், பறந்து வந்த நானூறு கிலோமீட்டரைக் காட்டிலும் நீண்டதாகிவிடுகிறது.

இவ்வுண்மையை நம் பழங்காப்பியம் ஒன்றும் அறிந்திருந்தது. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் சச்சந்தன், கருவுற்றிருந்த தன் தேவி விசயையை மயிற்பொறியில் ஏற்றி அனுப்புகிறான். தான் அரண்மனையிலேயே நின்று கட்டியங்காரனை எதிர்த்து உயிர் துறக்கிறான். அப்பொறி விசயையைப் பகைவரிடமிருந்து காப்பாற்றிவிட்டது. ஆயினும், அது அவளை இறக்கிவிட்ட இடம் சுடுகாடு. சீவகன் பிறந்தது அங்கேதான். இக்காப்பியத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் பொறி பறந்த வியப்பைவிட, அது இறங்கிய இடமே என் மனத்தில் நிற்கும். பறக்கும் கருவி நம்மைக் காற்றைக் கடந்து கொண்டுசெல்லும். நம் வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுவதில்லை.

சிறு வானூர்திகளும் அவற்றின் தளங்களும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தனியார் சிறு வானூர்தி ஓட்டுவோர் இச்சிக்கலை நாள்தோறும் சந்திக்கின்றனர். அந்நாட்டில் பொதுமக்கள் பயன்படுத்தத்தக்க வானூர்தித் தளங்கள் ஏறத்தாழ 5,000 உள்ளன. அவற்றுள் கால அட்டவணைப்படி பயணிகள் சேவை நடைபெறுபவை பத்தில் ஒரு பங்கு அளவே. மற்றவை பெரும்பாலும் வயல்வெளிக்கு நடுவே ஓர் ஓடுபாதையும், ஒரு கொட்டகையும், ஓர் எரிபொருள் தொட்டியும் மட்டுமே கொண்ட எளிய தளங்கள். அங்கே பேருந்தும் இராது; வாடகை வண்டியும் நில்லாது. ஊர் சில கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும்.

சில தளங்களில் அழகியதொரு வழக்கம் உண்டு. வந்திறங்கும் விமானிகளின் பயன்பாட்டிற்கென்று பழைய கார் ஒன்றை நிறுத்தி வைத்திருப்பர். வேண்டியவர் அதை ஊருக்குள் எடுத்துச் சென்று, தாம் செலவிட்ட பெட்ரோலை நிரப்பித் திரும்ப விட்டுவிட வேண்டும். எனினும், முன்னதாக வந்தவர் அதை எடுத்துச் சென்றிருந்தால் பின்வந்தவர் காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே, சிலர் தமக்கு வேண்டிய வண்டியைத் தாமே உடன்கொண்டு செல்லத் துணிந்தனர்.

இத்தாலியின் சிசிலித் தீவைச் சேர்ந்த டி பிளாசி நிறுவனம், மடித்து வைக்கத்தக்க சிறிய மொபெட் ஒன்றைச் செய்து புகழ்பெற்றது. அதன் எடை சுமார் 30 கிலோகிராம். மடித்துவிட்டால் பெரிய பெட்டி ஒன்றின் அளவிற்குள் அடங்கிவிடும். படகு வைத்திருப்போரும் சிறு வானூர்தி வைத்திருப்போரும் அதனை விரும்பி வாங்கினர். ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் 1981ஆம் ஆண்டு, தன் சிட்டி காரின் பின்பெட்டியில் வைத்துச் செல்வதற்கென்றே மோட்டோகாம்போ என்னும் மடிப்பு வண்டியை உருவாக்கியது. ஒரு வண்டிக்குள் மற்றொரு வண்டி என்னும் இவ்வெண்ணம் விளையாட்டுப் போலத் தோன்றலாம். ஆனால் இதன் பிறப்பு, விளையாட்டுக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு காலத்தில் நிகழ்ந்தது.

வான்குடையில் வந்த வண்டி

இரண்டாம் உலகப் போரின்போது, வான்குடை வீரர்களை எதிரியின் நிலத்தில் இறக்கும் முறை பரவியது. விண்ணிலிருந்து இறங்கிய வீரன், தரையில் கால் வைத்த நொடியிலிருந்து வெறுங்காலாட்படையினன் ஆகிவிடுவான். அவனுக்கு ஓர் ஊர்தி வேண்டும். அது வானூர்திக்குள் அடங்க வேண்டும். வான்குடையில் கட்டி இறக்கினால் உடையாமல் நிலத்தைத் தொடவும் வேண்டும்.

இங்கிலாந்தின் வெல்வின் நகருக்கு அருகிலிருந்த இரகசிய ஆய்வு நிலையம் இதற்கு ஒரு விடை கண்டது. அதுவே வெல்பைக். பர்மிங்காமின் எக்செல்சியர் நிறுவனம் அதனைத் தயாரித்தது. 98 சி.சி. திறனுள்ள வில்லியர்ஸ் எஞ்சின். எடை 32 கிலோகிராம் அளவே. கைப்பிடியை மடித்து, இருக்கையைக் கீழிறக்கினால், படைக்கலங்களை வான்குடையில் இறக்கப் பயன்பட்ட உருளைப் பெட்டிக்குள் அது நுழைந்துவிடும். அவ்வுருளையின் குறுக்களவு சுமார் 38 சென்டிமீட்டர். நம் வீட்டுத் தண்ணீர்க் குடத்தைவிடச் சற்றே அகன்ற வாய் என்று கொள்ளலாம். தரையில் பெட்டியைத் திறந்து சில நொடிகளுக்குள் வண்டியை விரித்து ஓட்டத் தொடங்கலாம்.

எடையைக் குறைப்பதற்காக அவ்வண்டியிலிருந்து எவ்வளவோ நீக்கப்பட்டன. விளக்கு இல்லை, முன்சக்கரத்திற்குத் தடை இல்லை, குலுக்கலைத் தாங்கும் சுருள்வில் இல்லை. சக்கரங்களோ குழந்தைகளின் தள்ளுவண்டிச் சக்கரங்களை ஒத்தவை. 3,600க்கும் மேற்பட்ட வெல்பைக்குகள் செய்யப்பட்டன. ஆயினும், குண்டுகள் பறித்த குழிகளும் சேறும் நிறைந்த போர்க்களத்தில் அச்சிறு சக்கரங்கள் பயன்படவில்லை. வண்டியைத் தேடி, பெட்டியைத் திறந்து, பின்னர்ச் சேற்றில் தள்ளிக்கொண்டு செல்வதைவிட நடப்பதே மேல் என்று வீரர்கள் கருதினர். பல வண்டிகள் இறுதியில் பெரிய வானூர்தித் தளங்களுக்குள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்லவே பயன்பட்டன.

பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்ற ஒன்றையே எண்ணியதால், பெட்டியை விட்டு வெளியே வந்தபின் செய்ய வேண்டிய பணிக்கு அவ்வண்டி போதாததாயிற்று. சுமையைக் குறைத்தல் நன்று. எனினும், எதற்காகச் சுமக்கிறோமோ அதனையே குறைத்துவிடும் அளவிற்குக் குறைத்தலாகாது.

பறக்கும் தெள்ளுப்பூச்சி

இதே தேவைக்கு மற்றொரு விடையும் இருந்தது. அதன் கதை 1930களின் இறுதியில் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் தொடங்குகிறது. அங்கிருந்த வணிக நிறுவனம் ஒன்று ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. நிறுவனத்தின் சிறிய மோட்டார் சைக்கிள்களை விற்று வந்தது. அதன் நிருவாகத்தில் யூதர்கள் இருந்தமையால் அவ்விற்பனை உரிமை பறிக்கப்பட்டது. அந்நிறுவனத்தார் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலையை அணுகி, அதே போன்றதொரு சிறுவண்டியைச் செய்து தருமாறு வேண்டினர். அவ்வாறு பிறந்ததே 125 சி.சி. வகையைச் சேர்ந்த எளிய வண்டி.

போர் மூண்டபின் இவ்வண்டி படைக்கு ஏற்றதாக மாற்றியமைக்கப்பட்டது. எடை சுமார் 59 கிலோகிராம். எஃகுக் குழாய்களாலான கூண்டுக்குள் நிறுத்தி வான்குடையில் இறக்கினர். ஹோர்சா என்னும், எஞ்சின் இல்லாத மரத்தாலான மிதவை வானூர்திகளின் வயிற்றுக்குள்ளும் ஏற்றிச் சென்றனர். வீரர்கள் இதற்கு ‘ஃப்ளையிங் ஃப்ளீ’ என்று பெயரிட்டனர். பறக்கும் தெள்ளுப்பூச்சி என்பது அதன் பொருள். வேலியில் சிக்கினால் ஓட்டுபவரே தூக்கி அப்பால் வைத்துவிடலாம். எடையில் வெல்பைக்கைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு இருந்தும், முழு அளவுச் சக்கரங்கள் பெற்றிருந்தமையால் இது களத்தில் உழைத்தது. யூதர்கள் என்பதற்காக ஒதுக்கப்பட்டவர்களின் வேண்டுகோளால் உருவான வண்டி, அவ்வாறு ஒதுக்கிய ஆட்சியை எதிர்த்துப் போரிட வானிலிருந்து இறங்கியது.

1944ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள், பிரித்தானிய வான்படைப் பிரிவு ஒன்று நெதர்லாந்தின் ஆர்னெம் நகரப் பாலத்தைக் கைப்பற்றப் புறப்பட்டது. இங்கிலாந்திலிருந்து கடல் கடந்து ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் வீரர்கள் வந்து இறங்கினர். ஆனால் எதிரியின் வானூர்தி எதிர்ப்புப் பீரங்கிகளுக்கும் பாலத்தருகே இருந்த தாழ்வான நிலத்திற்கும் அஞ்சி, திட்டமிட்டவர்கள் இறங்குமிடத்தைப் பாலத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் அளவு தள்ளித் தேர்ந்திருந்தனர். அப்படைக்கு ஜீப்புகளும் இருந்தன. மோட்டார் சைக்கிள்களும் இருந்தன. எனினும், அக்குறுந்தொலைவைப் படையின் பெரும்பகுதியால் கடக்க இயலவில்லை. வழியெங்கும் எதிர்ப்பு, வானொலிக் கருவிகள் பலவும் சரிவர இயங்கவில்லை. ஜான் ஃப்ராஸ்ட் தலைமையில் எழுநூற்றுச் சொச்சம் வீரர்களே பாலத்தின் வடமுனையை அடைந்து சில நாள்கள் தாக்குப்பிடித்தனர். சென்றவர்கள் ஏறத்தாழ பத்தாயிரவர். ஒன்பது நாள்களுக்குப்பின் ஆற்றைக் கடந்து மீண்டவர்கள் இரண்டாயிரத்து நானூற்றுவர் அளவே. ஒரு மோட்டார் சைக்கிள் அப்போரின் முடிவை மாற்றியிருக்கும் என்று நான் கூற வரவில்லை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறந்து கடந்தவர்களைக் கடைசிப் பத்துக் கிலோமீட்டர் வென்றுவிட்டது என்பதையே எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன்.

ராயல் என்ஃபீல்டின் கதை ரெட்டிச்சில் முடியவில்லை. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் இணைந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. தாய்த் தொழிற்சாலை மூடப்பட்ட பின்னும் இங்கே புல்லட்டின் உற்பத்தி நிற்கவில்லை. நம் தெருக்களில் ஒலிக்கும் அந்த எஞ்சின் ஓசைக்கு வானிலிருந்து இறங்கிய ஒரு தமையன் உண்டு என்பதை இளைஞர் பலர் அறியார். 2024இல் இத்தாலியின் மிலான் நகரக் கண்காட்சியில் இந்நிறுவனம் தன் மின்சார மோட்டார் சைக்கிளை அதே பழைய பெயரில் அறிமுகப்படுத்தியது.

எடைக்கணக்கு

போர்க்களத்தை விட்டு மீண்டும் சிறு வானூர்திக்கு வருவோம். உலகில் மிகுதியாகச் செய்யப்பட்ட வானூர்தி செஸ்னா 172. நான்கு பேர் அமரத்தக்கது; 1956 முதல் விற்பனைக்கு வந்து, இதுவரை 44,000க்கும் மேல் செய்யப்பட்டுள்ளது. இதன் அண்மை வகை ஒன்று தரையை விட்டு எழும்பும்போது மொத்த எடை 1,157 கிலோகிராமை மீறலாகாது. வெற்று வானூர்தியின் எடை, அதில் பொருத்தியுள்ள கருவிகளைப் பொறுத்து, சுமார் 757 கிலோகிராம். ஆக, எரிபொருள், மாந்தர், பொருள் ஆகிய அனைத்திற்கும் எஞ்சியிருப்பது 400 கிலோகிராம்.

எரிபொருள் தொட்டிகளில் பயன்படத்தக்க அளவு சுமார் 200 லிட்டர். ஒரு லிட்டர் 0.72 கிலோகிராம் எனக் கொண்டால் 144 கிலோகிராம். மீதம் 256. ஆளுக்கு 75 கிலோகிராம் வீதம் மூவர் ஏறினால் 225. மீதம் 31. அதில் 30 கிலோகிராம் எடையுள்ள மடிப்பு வண்டியை ஏற்றினால் எஞ்சுவது ஒரே ஒரு கிலோகிராம். ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியோடு கணக்கு முடிந்தது, மாற்றுடைக்குக்கூட இடமில்லை. நால்வர் ஏறினாலோ வண்டியை மறந்துவிட வேண்டும். எரிபொருளையும் குறைக்க வேண்டும். நான்கு இருக்கைகள் இருக்கின்றன என்பதனால் நால்வரோடு முழுத் தொட்டியும் சுமக்க இயலும் என்பது பொருளன்று.

அந்த 30 கிலோகிராமை எரிபொருளால் ஈடுசெய்ய நினைத்தால் ஏறத்தாழ 42 லிட்டரைக் கைவிட வேண்டும். அது ஒரு மணி நேரத்திற்கும் மேல் பறப்பதற்கான எரிபொருள். எதிர்க்காற்று வலுத்தாலோ, சேருமிடத்தில் மூடுபனி சூழ்ந்தாலோ, வேறு தளம் தேடிச் செல்லத் துணைநிற்பது அந்த ஒரு மணி நேரமே. ஆகவே, தரையில் ஒரு வசதியை ஏற்றும்போது வானில் ஒரு பாதுகாப்பை இறக்கிவைக்கிறோம்.

எடையின் எல்லையும் எல்லா இடத்திற்கும் ஒன்றன்று. வெப்பமான நாளில் காற்று அடர்த்தி குறையும். உயரமான இடத்திலும் அவ்வாறே. கொலராடோ மாநிலத்தின் லெட்வில் தளம் கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கும் மேல் உள்ளது. கடற்கரையோரத் தளத்தில் எளிதாக எழும்பிய அதே சுமையுடன், கோடை நண்பகலில் அங்கே ஓடுபாதை முடியும் வரை ஓடியும் எழும்ப இயலாமல் போகலாம். மயில்தோகையும் அளவு மிகுந்தால் வண்டியின் அச்சை முறித்துவிடும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் கூறிய கருத்து, மாட்டுவண்டிக்கு மட்டும் உரியதன்று.

ஒரு சாண் இடைவெளி

எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதோடு, எங்கே ஏற்றுகிறோம் என்பதும் உயிருக்கு நிகரான வினா. மாட்டுவண்டியில் மூட்டை அடுக்குபவர் முன்பாரம், பின்பாரம் பார்த்தே அடுக்குவார். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் வண்டி குடைசாயும். வானூர்திக்கும் இதே விதி. மொத்தச் சுமையின் ஈர்ப்பு மையம் குறிப்பிட்டதோர் எல்லைக்குள் நிற்க வேண்டும். செஸ்னா 172இல் முழுச் சுமையோடு பறக்கும்போது அவ்வெல்லையின் அகலம் சுமார் 16 சென்டிமீட்டர். ஒரு சாணுக்கும் குறைவு.

பின்னாலுள்ள பொருள்வைப்பிடம் ஈர்ப்பு மையத்திலிருந்து ஒரு மீட்டருக்கும் மேல் பின்தள்ளி அமைந்துள்ளது. இயற்பியலில் நீங்கள் படித்த திருப்புத்திறன் இங்கே வேலை செய்கிறது. தொலைவு மிக மிக, சிறு எடையும் பெருவிளைவை உண்டாக்கும். அதனால்தான் அவ்விடத்தில் 54 கிலோகிராமுக்கு மேல் வைக்கலாகாது என்று வரையறுத்துள்ளனர். 59 கிலோகிராம் எடையுள்ள பழைய பறக்கும் தெள்ளுப்பூச்சி அங்கே ஐந்து கிலோகிராம் வேறுபாட்டில் தோற்றுவிடும். 190 கிலோகிராமைத் தாண்டும் இன்றைய புல்லட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. பெரிய வண்டியை ஏற்ற விரும்புவோர், பின்புறம் அகன்ற இரட்டைக் கதவு கொண்ட செஸ்னா 206 போன்ற வானூர்தியை நாட வேண்டும். இருக்கைகளைக் கழற்ற வேண்டும். கழற்றிய இருக்கைகளின் எடைக்கும் கணக்கு எழுத வேண்டும்.

வால்பகுதி கனத்த வானூர்தி மூக்கை மேலே தூக்கும். வேகம் குறையும், இறக்கைகள் தூக்குவிசையை இழக்கும். அந்நிலையில் மூக்கைத் தாழ்த்தி மீள்வதே வழி. ஆனால் பின்பாரம் அதைத் தடுக்கும். மாட்டுவண்டி குடைசாய்ந்தால் மூட்டைகளை இறக்கி மீண்டும் அடுக்கலாம். வானில் அவ்வாய்ப்பு இல்லை.

ஆவியும் கட்டும்

எடையும் இடமும் பொருந்தியபின் இன்னும் இரண்டு பணிகள் உள்ளன. முதலாவது, பெட்ரோலை வடித்தல். சிறு வானூர்திகளின் அறைக்குள் காற்றழுத்தத்தைச் சீர்செய்யும் அமைப்பு பெரும்பாலும் இராது. 3,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் எழுபது விழுக்காடு அளவே. தரையில் இறுக மூடிய தொட்டிக்குள் அடைபட்ட ஆவி, மேலே செல்லச் செல்ல வெளியேற வழி தேடும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது; அறையின் அடித்தளத்தில் படியும். ஒரு மின்பொறி போதும். பொறி எழாவிட்டாலும், அதை முகர்ந்துகொண்டே ஓட்டுபவருக்குத் தலை சுற்றும்.

இப்பகுதியை எழுதும்போது தொடர்வண்டி நிலையத்துச் சரக்கு அலுவலகம் ஒன்று என் நினைவுக்கு வருகிறது. பாடநூல் குழுப் பணிக்காக நெல்லையிலிருந்து சென்னைக்கு வந்தபோது என் இருசக்கர வண்டியையும் உடன் அனுப்பினேன். அங்கிருந்த தொழிலாளர் வண்டியைச் சாய்த்துப் பிடித்து, பெட்ரோலைக் கடைசித் துளி வரை வடித்தார். “கொஞ்சம் இருந்தாத்தான் என்னண்ணே?” என்று அருகிலிருந்த மற்றொருவர் கேட்டார். அவரோ, “அந்தக் கொஞ்சத்தைச் சுமக்கிற பெட்டியில வேற ஒருத்தரு சாமானும் வருதுல்ல?” என்று சொல்லிக்கொண்டே சாக்கைச் சுற்றிச் சணற்கயிற்றால் இறுக்கினார். பாதுகாப்பு விதிகளைப் பற்றி நான் படித்த எந்த நூலும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. சென்னையில் இறங்கியதும், அருகிலிருந்த பெட்ரோல் நிலையம் வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். என்னைச் சுமக்க வேண்டியதை நான் தள்ளிச் சென்ற அக்குறுந்தொலைவு, அவர் சொல்லுக்கு நான் செலுத்திய எளிய விலை.

மின்கல வண்டிகள் வந்துவிட்டதால் இக்கவலை நீங்கிவிடவில்லை, உருமாறியிருக்கிறது. சேதமுற்ற லித்தியம் மின்கலம் தானே தீப்பற்றக்கூடும். அத்தீயை அணைப்பதும் கடினம். பயணிகள் வானூர்தியில் 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் மின்கலங்களைப் பயணியர் தம் பொருள்களோடு கொண்டுசெல்ல இசைவு இல்லை. மின்சார மோட்டார் சைக்கிளின் மின்கலம் அவ்வளவைப் பன்மடங்கு மிஞ்சியது.

இரண்டாவது பணி, கட்டுதல். காற்றுக் கொந்தளிப்பில் வானூர்தி திடீரெனக் கீழிறங்கினால், கட்டப்படாத பொருள் கூரையை நோக்கிக் கிளம்பும். அவசரமாகத் தரையிறங்கி ஊர்தி சட்டென்று நின்றால், பின்னாலிருக்கும் பொருள் முன்னோக்கிப் பாயும். அவ்விசை எடையைப்போல் ஒன்பது மடங்கு என்று கொண்டால், 30 கிலோகிராம் வண்டி 270 கிலோகிராம் சுமையாகி ஓட்டுபவரின் முதுகில் மோதும். ஆகவே முன்னும் பின்னும், மேலும் கீழும், இருபக்கமும் அசையாதவாறு, தரையிலுள்ள வளையங்களில் பட்டைகளால் பிணைக்க வேண்டும்.

வகுப்பறையில் ஒரு கணக்கு

பன்னிரண்டாம் வகுப்பில் ஒருநாள் இவ்வெடைக்கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன். மூன்று பேர், ஒரு வண்டி, முழுத் தொட்டி. எஞ்சியிருப்பது ஒரு கிலோகிராம். மூவரிடமும் பத்துக் கிலோகிராம் பைகள் உள்ளன. எதை விடுவது என்று கேட்டேன்.

“எரிபொருளைக் குறைச்சிரலாம் ஐயா, பக்கத்து ஊர்தானே?” என்றான் ஒருவன். “எதிர்க்காற்று வந்தா?” என்று கேட்டாள் முன்வரிசை மாணவி. “வண்டியை விட்டுரலாம், நடந்து போகலாம்” என்றான் வேறொருவன். “நடக்க முடியாதவங்க ஒருத்தரு அதுல இருந்தா?” என்று அவளே மீண்டும் கேட்டாள். இருபது கிலோகிராம் அதிகமானால் ஒன்றும் ஆகிவிடாது, ஒருமுறைதானே என்று ஒரு குரல் எழுந்தது. வகுப்பு சிரித்தது.

கடைசி வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் சிரிக்கவில்லை. அவன் தந்தை சிறிய சரக்கு வண்டி ஓட்டுபவர். அவன் எழுந்து, “எங்கப்பாகிட்டயும் ஒருதடவதானேன்னுதான் சொல்லுவாங்க ஐயா. ஒருதடவ ஏத்திட்டுப் போய் ஒண்ணும் ஆகலைன்னா, அடுத்த தடவையிலருந்து அதுதான் அளவுன்னு ஆயிரும்” என்றான். வகுப்பு அமைதியாயிற்று. நான் எழுதிய கணக்கைவிட அவன் சொன்னது பெரிது. எல்லையை மீறிய முதல் நாளில் கேடு விளையாமற் போவது நற்பேறன்று. அதுவே அடுத்த மீறலுக்கு விதையாகிறது. வானூர்தி செய்தவர்கள் எழுதிய எல்லை இயற்கையோடு ஒட்டி எழுதப்பட்டது. அதை நாம் மறந்தாலும் காற்று மறப்பதில்லை.

அன்று அவ்வகுப்பு ஒரு முடிவுக்கு வந்தது. வண்டியும் எரிபொருளும் இருக்கட்டும்; மூன்று பைகளையும் பேருந்தில் அனுப்பிவிடலாம் என்றனர். அது சரியான விடை என்றோ, ஒரே விடை என்றோ நான் கூறவில்லை. ஒவ்வொன்றின் எடையையும் எழுதி, எதற்காக எதை விடுகிறோம் என்று அறிந்தே விட்டனர் என்பதே எனக்கு நிறைவளித்தது.

அறிந்து ஏற்றுதல்

மாணவர்களே! மேனிலைக் கல்வியை முடித்து நீங்கள் பல திசைகளிலும் புறப்படவிருக்கிறீர்கள். உங்கள் ஊரிலிருந்து தொலைவிலுள்ள கல்லூரிக்கும் பணியிடத்திற்கும் கொண்டுசேர்க்க ஊர்திகள் பல உண்டு. இறங்கிய பின் உள்ள தொலைவே உங்களுடையது. ஆர்னெமில் போல, பயணத்தின் வெற்றி பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது. அத்தொலைவைக் கடக்க உதவும் ஒன்றைப் புறப்படும்போதே ஏற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு இடம்தர மற்றொன்றை இறக்கிவைக்கவும் வேண்டும். பெட்டியில் அடங்கும் என்பதற்காகவே வெல்பைக்கைப் போன்ற ஒன்றைத் தேர்ந்துகொள்ளாதீர்கள். வலிமை வேண்டும் என்பதற்காக, தூக்க இயலாத புல்லட்டை ஏற்றிக்கொள்ளவும் முயலாதீர்கள்.

எங்கோ ஒரு சிறிய தளத்தில், வயல்களுக்கு நடுவே ஒரு வானூர்தி இறங்குகிறது. ஓட்டி வந்தவர் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கதவைத் திறக்கிறார். பட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, மடித்த வண்டியைக் கீழே இறக்குகிறார். கைப்பிடியை நிமிர்த்தி, இருக்கையைப் பூட்டி, அங்கேயே வாங்கிய ஒரு லிட்டர் எரிபொருளை ஊற்றுகிறார். ஊர் நான்கு கிலோமீட்டர். காண்பவருக்கு அது சிறியதொரு வேடிக்கை. அவருக்கோ, புறப்படுவதற்கு முன் தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்த ஒரு கணக்கின் கடைசி வரி. தரையில் எண்ணாமல் விட்ட கிலோகிராமை வானம் எண்ணாமல் விடாது என்பதை அவர் அறிவார்.